ஓடி வந்தவனுக்குச் சோறிட்டவர்கள்

சரித்திர வகுப்பில் பாடத்தைவிடக் கிளைக்கதைகளே பிள்ளைகளுக்கு மனத்தில் நிற்கின்றன. ஆகையால் எட்டாம் வகுப்பில் ஒரு நாள் பாடத்தைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, அமெரிக்காவில் ஆப்பிரிக்க மக்கள் அடிமைகளாயிருந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தோம். பருத்தித் தோட்டம், சவுக்கடி, ஏலத்தில் தாய் ஒரு பக்கமும் பிள்ளை ஒரு பக்கமுமாக விற்கப்பட்ட கொடுமை, இரவோடு இரவாகத் தப்பி ஓடியவர்களின் துணிவு ஆகியவற்றையெல்லாம் சொல்லி முடித்தோம். கடைசிப் பெஞ்சில் ஒரு சிறுமி எழுந்து நின்றாள்.

"சார், ஓடிப்போனவங்களுக்கு வழியிலே யார் சோறு போட்டாங்க?"

வகுப்பு சிரித்தது. நமக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சிறுமி ஏரிக்கரைக் குடியிருப்பிலிருந்து வருகிறவள். இருளர் வீட்டுப் பெண். பசித்திருப்பவர்கள்தாம் முதலில் சோற்றைப் பற்றிக் கேட்பார்கள். யுத்தங்களையும் சட்டங்களையும் தேதி தவறாமல் ஒப்பிக்கும் நமக்கு அந்தக் கேள்விக்கு உடனே விடை சொல்லத் தெரியவில்லை. "நாளைக்குச் சொல்லுகிறோம், அம்மா" என்று மணி அடிக்கும் வரையில் வேறு எதையோ பேசிச் சமாளித்தோம்.

மறுநாள் வகுப்பில் சொன்ன விடையையும், அது நம்மைக் கொண்டுபோய் நிறுத்திய இடத்தையும் நேயர்களுக்கும் சொல்லவேண்டும் என்று தோன்றிற்று.

காட்டில் கிடைத்த விருந்து

ஜோசையா ஹென்ஸன் என்று ஓர் அடிமை. கென்டக்கி மாகாணத்தில் இருந்தவர். தம்மைத் தெற்கே விற்றுவிடப்போகிறார்கள் என்று தெரிந்ததும், 1830-ஆம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் ஒரு நாள் இரவு மனைவியையும் நாலு குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு தப்பி ஓடினார். நடக்கமுடியாத இரண்டு சின்னக் குழந்தைகளை முரட்டுத் துணியில் தைத்த பையில் வைத்து முதுகில் சுமந்தார். பகலில் ஒளிவதும் இரவில் நடப்பதுமாகப் பல நாள் சென்று, ஒஹையோ மாகாணத்தின் பெருங்காட்டை அடைந்தார்கள். கையில் மிச்சமிருந்தது காய்ந்த இறைச்சித் துண்டு ஒன்று. அதைத் தின்றால் பசி அடங்குவதற்குப் பதில் தாகந்தான் எடுத்தது.

அந்தக் காட்டில் எதிரே சில மனிதர்கள் வந்தார்கள். அமெரிக்காவின் ஆதிக் குடிகள்; நம் பழைய புத்தகங்கள் செவ்விந்தியர் என்று சொன்னவர்கள். ஹென்ஸன் குடும்பத்தைக் கண்டதும் அவர்கள் கூச்சலிட்டுக்கொண்டு திரும்பி ஓடினார்கள். கறுத்த நிறத்து மனிதர்களைக் கண்டு அவர்கள் பயந்துவிட்டார்கள் என்று ஹென்ஸனுக்குத் தோன்றிற்று. மனைவியோ, ஆட்களைத் திரட்டிக்கொண்டு வந்து நம்மைக் கொன்றுவிடுவார்கள், திரும்பிவிடலாம் என்றாள். ஹென்ஸன் கேட்கவில்லை. மேலே நடந்தார்கள். மரங்களுக்குப் பின்னால் முகங்கள் எட்டிப் பார்த்தன. சற்று தூரத்தில் குடிசைகள் தென்பட்டன. அவற்றின் முன்னே அந்தக் கூட்டத்தின் தலைவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றுகொண்டிருந்தார்.

பிறகு நடந்தது சண்டை அல்ல, உபசாரம். வயிறார உணவு கொடுத்தார்கள். குழந்தைகளைத் தொட்டுப் பார்க்க ஆசைப்பட்டார்கள். குழந்தைகள் வெட்கப்பட்டு ஒதுங்க, எல்லோருக்கும் வேடிக்கையாயிருந்தது. இரவு படுக்க ஒரு குடிசையை ஒழித்துக் கொடுத்தார்கள். பொழுது விடிந்ததும், ஈரி என்னும் பேரேரி இன்னும் ஏறக்குறைய 25 மைல் தூரத்தில் இருக்கிறதென்று சொல்லி, வழி பிரியும் இடம் வரையில் இளைஞர்கள் சிலரைத் துணைக்கும் அனுப்பினார்கள்.

அந்தச் சோறும் அந்த வழியும் இல்லாவிட்டால் ஹென்ஸன் குடும்பம் பிழைத்திருக்குமா என்பது சந்தேகமே. அவர்கள் ஸாண்டஸ்கி துறைமுகத்தில் கப்பலேறி, 1830 அக்டோபர் 28-ஆம் தேதி காலையில் கனடாவின் கரையில் இறங்கினார்கள். இறங்கியவுடன் ஹென்ஸன் மணலில் விழுந்து புரண்டார். அதைப் பார்த்த ஒருவர் அவருக்கு ஏதோ வலிப்புக் கண்டுவிட்டது என்று பதறினாராம். விடுதலை பெற்ற மண்ணைக் கட்டித் தழுவிய மனிதனை அவர் அதற்குமுன் கண்டதில்லை போலும்!

கொடுத்தவர்களின் நிலை

இந்த விருந்தின் பெருமை, கொடுத்தவர்களின் நிலையை அறிந்தால்தான் நன்கு விளங்கும். அதே 1830-ஆம் வருஷம் மே மாதம் 28-ஆம் தேதி, அதாவது ஹென்ஸன் கரையேறியதற்குச் சரியாக ஐந்து மாதத்துக்கு முன்பு, அமெரிக்க ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜாக்ஸன் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். ஆதிக் குடிகளை அவர்களுடைய சொந்த மண்ணிலிருந்து கிளப்பி மிஸிஸிப்பி நதிக்கு மேற்கே அனுப்புவதற்கு வழி செய்த சட்டம் அது. ஒஹையோவில் கடைசிவரை தங்கியிருந்த வயண்டாட் குடியினரும் 1843-இல் வெளியேறினார்கள். ஆக, ஹென்ஸனுக்கு அன்றிரவு படுக்க இடம் கொடுத்தவர்களுக்கே படுக்க இடம் நிச்சயமில்லாதிருந்தது. ஓடி வந்த அடிமைக்கு இடங்கொடுத்தால் 500 டாலர் அபராதம் என்று 1793 முதலே அந்த நாட்டில் சட்டமும் இருந்தது.

தெற்கே ஃபிளாரிடாவில் இந்த உறவு இன்னும் ஆழமாக வளர்ந்தது. தோட்டங்களிலிருந்து தப்பி வந்தவர்கள் செமினோல் என்னும் குடியினரின் பக்கத்தில் தனி ஊர்களே அமைத்துக்கொண்டு, விளைச்சலில் ஒரு பங்கைக் காணிக்கையாகக் கொடுத்துவிட்டு, மற்றப்படி தம் விருப்பம் போல் வாழ்ந்தார்கள். 1835 முதல் 1842 வரையில் அமெரிக்கச் சேனையை எதிர்த்து இரு சாராரும் தோளோடு தோள் நின்று போர் செய்தார்கள். பிறகு ஜான் ஹார்ஸ் என்ற கறுப்பினத் தலைவரும், கோவாகூச்சி என்ற செமினோல் தலைவரும் தம் தம் மக்களை அழைத்துக்கொண்டு, அடிமை முறையை 1829-லேயே ஒழித்துவிட்ட மெக்ஸிகோ தேசத்துக்குக் குடிபெயர்ந்தார்கள்.

மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்லவேண்டும். ஆதிக் குடிகள் எல்லோருமே இப்படி இருக்கவில்லை. செரோக்கி, சாக்டா முதலிய குடிகளில் வசதி படைத்தவர்கள் தாங்களே கறுப்பின அடிமைகளை வைத்து வேலை வாங்கினார்கள். அல்லல்படுகிறவன் என்பதனாலேயே ஒருவன் அடுத்தவனுக்கு இரங்கிவிடுவதில்லை. அதனால்தான் இரங்கியவர்களை நினைத்துப் பார்ப்பது அவசியமாகிறது.

நம் ஊர்ப் பக்கம்

இந்தக் கதையைக் கேட்ட பிள்ளைகள், "நல்ல வேளை, நம் ஊரில் அப்படி இல்லை" என்று பெருமூச்சு விட்டார்கள். கடைசிப் பெஞ்சுச் சிறுமி மாத்திரம் ஒன்றும் சொல்லவில்லை.

ஆரணி என்றால் வெளியூரார்க்குப் பட்டு நினைவு வரும். அதை அடுத்து அரிசி நினைவு வரும். இரண்டும் நமக்குப் பெருமை தருபவை. ஆனால் இந்த இரண்டு தொழில்களின் அடியிலும் ஒரு சொல் நெடுங்காலமாக ஒளிந்திருக்கிறது. அந்தச் சொல் முன்பணம்.

கோர்வைச் சேலை நெய்வதற்கு நெசவாளி ஒருவர் போதாது. கரைக்குரிய நாடாவை எறிய இன்னொரு கை வேண்டும். காஞ்சீபுரம் முதலான பட்டு நெசவுப் பகுதிகளில் அந்தக் கை ஒரு காலத்தில் பெரும்பாலும் குழந்தையின் கையாகவே இருந்தது. பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காகப் பள்ளிக்கூடம் போகவேண்டிய பிள்ளை தறிக்குழியில் உட்கார்ந்தது. 1986-ஆம் வருஷச் சட்டத்துக்குப் பிறகு அதிகாரிகளும் தொண்டர்களும் ஆசிரியர்களும் பாடுபட்டு, அந்த வழக்கத்தைப் பெரும்பாலும் குறைத்திருக்கிறார்கள். அந்த வெற்றியில் நம் ஊர் மகிழலாம்.

முன்பணம் என்ற தளை மறைந்துவிடவில்லை. அது தறியை விட்டு வேறு இடங்களுக்குப் போயிற்று. வட தமிழ்நாட்டு ஜில்லாக்களின் நெல் ஆலைகளிலும் செங்கற் சூளைகளிலும் மரம் வெட்டும் காடுகளிலும் அதைக் காணலாம். அங்கே அதில் அதிகமாகச் சிக்கியவர்கள் யார்? இந்த மண்ணின் ஆதிக் குடிகளுள் ஒருவராகிய இருளர்கள்.

2011-ஆம் வருஷக் கணக்குப்படி தமிழ்நாட்டில் இருளர்கள் ஏறத்தாழ 1,90,000 பேர். பாம்பின் தடத்தையும் எலி வளையையும் மூலிகையின் குணத்தையும் அவர்களைப்போல அறிந்தவர் இல்லை. காடு கைவிட்டுப் போயிற்று. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டத்தைத் தொடர்ந்து பாம்புத்தோல் வியாபாரமும் நின்றது. பாம்பை வதைக்காமல் விஷமெடுத்து, விஷமுறி மருந்துக்கு உதவும் கூட்டுறவுச் சங்கம் ஒன்று 1978-இல் வடநெம்மேலியில் தொடங்கியது. அதைச் சேர்ந்த மாசி சடையன், வடிவேல் கோபால் என்னும் இருவருக்கு 2023-இல் பத்மஸ்ரீ விருதும் கிடைத்தது. ஆனால் எல்லோருக்கும் அந்தச் சங்கத்தில் இடமில்லையே! நிலமும் இல்லாமல், சாதிச் சான்றும் இல்லாமல் நின்ற மற்றவர்களிடம் முன்பணம் வந்து சேர்ந்தது.

கல்யாணமோ, பிரசவமோ, சாவோ ஒன்று வருகிறது. மேஸ்திரி சில ஆயிரம் ரூபாய் கொடுக்கிறான். குடும்பம் முழுவதும் ஆலையிலோ சூளையிலோ போய்க் குடியிருக்கிறது. கூலியில் பிடித்தம் போகிறது. கணக்குப் புஸ்தகம் முதலாளியிடம் இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவனுக்குக் கடன் எவ்வளவு குறைந்தது என்று யார் சொல்லுவார்கள்? ஒருவன் வெளியே போகவேண்டுமென்றால் இன்னொருவன் பிணையாக உள்ளே இருக்கவேண்டும். இருளர்கள் மாசி மகத்தன்று மாமல்லபுரம் கடற்கரையில் கூடிக் கன்னியம்மனை வழிபடுவது வழக்கம். கல்யாணமும் பெயர் வைப்பும் அங்கேயே நடக்கும். அத்தகைய திருவிழாவுக்கும், பெற்றவர் சாவுக்குங்கூடப் போகவிடவில்லை என்று மீட்கப்பட்டவர்கள் சொன்னதுண்டு.

2019-ஆம் வருஷம் ஜூலை மாதம் காஞ்சீபுரம், வேலூர் ஜில்லாக்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 பேரை அதிகாரிகள் மீட்டார்கள். அவர்களில் ஒரு முதியவர், மீட்க வந்த அதிகாரியின் காலில் விழுந்தார். அந்தப் படம் பத்திரிகைகளில் வந்தது. அவர் பட்ட கடன் 1,000 ரூபாய் என்று செய்தி சொல்லிற்று. ஹென்ஸன் விடுதலை பெற்றதும் மண்ணில் விழுந்தார். நம் பெரியவர் மனிதர் காலில் விழுந்தார். தம் உரிமை தம்மை வந்தடைந்ததை ஒருவர் கொடுத்த தர்மம் என்று அவர் நினைக்கும்படி இத்தனை வருஷம் நாம் விட்டு வைத்திருந்தோம்.

சட்டம் இருக்கிறது

சட்டம் இல்லை என்று யாரும் சொல்லமுடியாது. ஒஹையோவிலிருந்து வயண்டாட் குடியினர் வெளியேறிய அதே 1843-இல், இந்தியாவில் அடிமைத்தனத்தைக் கோர்ட்டுகள் அங்கீகரிக்கக்கூடாது என்று ஆங்கில சர்க்கார் சட்டம் செய்தது. சுதந்திர பாரதத்தின் அரசியல் சாசனம் 23-ஆம் பிரிவில் கட்டாய உழைப்பைத் தடுத்தது. 1975-இல் அவசரச் சட்டமாக வந்து 1976-இல் நிலைபெற்ற கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம், அத்தகைய கடன்களையெல்லாம் ஒரே வீச்சில் ரத்து செய்தது. கொத்தடிமையாக வேலை வாங்கினால் மூன்று வருஷம் வரையில் சிறைத் தண்டனை உண்டு. குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவது கட்டாய உழைப்பே என்று சுப்ரீம் கோர்ட் 1982-இல் தீர்ப்புச் செய்தது. மீட்கப்பட்டவனுக்கு விடுதலைச் சான்று தரவேண்டும். மறுவாழ்வுக்குப் பண உதவியும் உண்டு.

ஆனால் சட்டம் தானாக நடந்து சூளைக்குப் போவதில்லை. அங்கே கொத்தடிமை இருக்கிறான் என்று அதிகாரிக்கு யாராவது சொல்லவேண்டும். சொல்லுகிறவர் யார்? இங்கேதான் ஒஹையோக் காட்டுக் குடிசை நம் ஊர்ப் பக்கத்திலும் தென்படுகிறது. தளையிலிருந்து மீண்ட இருளர்களும் மற்றவர்களும் வட ஜில்லாக்களில் சங்கமாகக் கூடியிருக்கிறார்கள். எந்த ஆலையில் எத்தனை குடும்பம், முன்பணம் எவ்வளவு, உள்ளே எப்படிப் பேசினால் பயப்படாமல் பதில் சொல்லுவார்கள் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். அதிகாரியின் ஜீப்பைக் கண்டு ஒளிகிறவன், தன்னைப்போல ஒரு காலத்தில் நெற்களத்தில் நின்ற மனிதனின் முகத்தைக் கண்டால் வெளியே வருகிறான். மீட்டதோடு விடாமல், குடும்ப அட்டைக்கும் சாதிச் சான்றுக்கும் வீட்டு மனைக்கும் அவர்கள் கூடவே நடக்கிறார்கள்.

ஹென்ஸனும் அப்படித்தான். கனடாவில் நிலைபெற்ற பிறகு அவர் சும்மா இருக்கவில்லை. அடிமை நாட்டுக்குத் திரும்பத் திரும்பப் போய்ப் பலரை அழைத்து வந்தார். 118 பேர் என்று தம் வரலாற்றில் கணக்குச் சொல்லுகிறார்.

இருளர் அல்லாதவர்களும் கதவைத் திறந்திருக்கிறார்கள். திண்டிவனத்தில் கல்லூரிப் பேராசிரியராயிருந்த பிரபா கல்விமணி அவர்கள் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தின் வாயிலாகப் பல வருஷங்களாக அவர்களுக்காக வழக்காடி வருகிறார். நம் திருவண்ணாமலை ஜில்லாவிலேயே வந்தவாசிக்கு அருகில் மீசநல்லூரில், அப்துல் கலாம் அவர்களின் பெயரால் இருளர் குடும்பங்களுக்கென்று ஒரு குடியிருப்பு எழுந்திருக்கிறது. வீட்டோடு தொழிலும் தந்தால்தான் மறுபடியும் முன்பணத்துக்குக் கை நீட்டமாட்டார்கள் என்ற கருத்தில் அமைந்தது அது.

சிவப்புக் கோடு

இவ்வளவையும் வகுப்பில் சொல்லி முடித்தபோது பள்ளி விடும் நேரமாகிவிட்டது. பிள்ளைகள் போய்விட்டார்கள். அந்தச் சிறுமி மாத்திரம் மேஜையருகே நின்றுகொண்டிருந்தாள்.

"சார், எங்க அண்ணன் பேரு பழைய ரிஜிஸ்டர்லே இருக்குமா?"

பீரோவைத் திறந்து எடுத்தோம். இரண்டு வருஷத்துக்கு முந்தைய வருகைப் பதிவேடு. பொங்கல் வரையில் அந்தப் பையன் ஒழுங்காக வந்திருக்கிறான். அதற்குப் பிறகு வரிசையாக வராத நாட்கள். அதன்மேல் ஒரு சிவப்புக் கோடு. 'நீண்ட நாள் வரவில்லை' என்ற குறிப்பு. கையெழுத்து நம்முடையதுதான்.

பொங்கலுக்குப் பிறகு செங்கற் சூளைகள் வேலை தொடங்கும் என்பது நமக்குத் தெரியாத விஷயம் அல்ல. ஏரிக்கரைக்கு மேஸ்திரிகள் வந்து போவதும் தெரியும். ஆயினும் அந்தப் பையன் எங்கே போனான் என்று நாம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கோடு போடுவது எளிதாயிருந்தது. மாமன் குடும்பத்தோடு வேறு ஜில்லாவில் ஒரு சூளைக்குப் போனவன் சூளை மூடும் பருவத்திலுங்கூடத் திரும்பவில்லை என்பதை அன்று மாலைதான் தெரிந்துகொண்டோம்.

மறுநாள் ஏரிக்கரைக்குப் போனோம். சிறுமியின் தகப்பனார் முதலில் பேசத் தயங்கினார். "மேஸ்திரிக்குத் தெரிஞ்சா வம்பு சார்" என்றார். மீண்டு வந்தவர் ஒருவர் பக்கத்துக் குடிசையில் இருந்தார். அவர்தான் வந்து உட்கார்ந்து, தாம் பட்டதையும் மீண்டதையும் சொல்லித் தைரியம் கொடுத்தார். நமது படிப்பால் ஆகாத காரியம் அவர் பேச்சால் ஆயிற்று. பிறகு மனு எழுதினோம். எந்த ஊர்ச் சூளை, எந்த மாதத்திலிருந்து, எத்தனை பேர், குழந்தைகள் எத்தனை, முன்பணம் எவ்வளவு, போகக் கேட்டபோது என்ன பதில் வந்தது என்று ஒவ்வொன்றாகக் குறித்தோம். தகப்பனார் கைநாட்டு வைத்தார். நாமும் கையெழுத்திட்டோம். மனு கோட்டாட்சியருக்கு ஒரு பிரதியும், சூளை இருக்கும் ஜில்லாவின் கலெக்டருக்கு ஒரு பிரதியுமாகப் போயிருக்கிறது. குழந்தை சம்பந்தப்பட்டதாகையால் 1098 என்ற எண்ணுக்கும் தொலைபேசியில் தெரிவித்தோம். பதிலை எதிர்பார்த்திருக்கிறோம்.

நேயர்களுக்கு ஒரு விண்ணப்பம். வீடு கட்டச் செங்கல் வாங்கப் போகிறீர்கள். அரிசி வாங்க ஆலைக்குப் போகிறீர்கள். அங்கே குடும்பத்தோடு குடியிருந்து வேலை செய்கிறவர்களைக் கண்டால், "எந்த ஊர், அப்பா? பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள்? ஊருக்கு எப்போது போவீர்கள்?" என்று மூன்று கேள்வி கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு அவர் முதலாளியின் முகத்தைப் பார்த்தாரானால், அதைக் கலெக்டருக்கோ கோட்டாட்சியருக்கோ எழுதுங்கள். ஜில்லாவிலும் கோட்டத்திலும் இதற்கென்றே கண்காணிப்புக் கமிட்டி இருக்கவேண்டும் என்று சட்டம் சொல்லுகிறது. ஆசிரியர்களாகிய நாம் செய்யவேண்டியது இன்னும் எளிது. பொங்கல் கழிந்து பிள்ளை வராவிட்டால், சிவப்பு மையை எடுப்பதற்கு முன் அவன் வீட்டு வாசலுக்கு ஒரு நடை போய் வரவேண்டும்.

அந்தச் சிறுமி இன்றும் வகுப்புக்கு வந்தாள். இந்த வருஷப் பதிவேட்டில் கடைசிப் பெயருக்குக் கீழே ஒரு வரி காலியாக இருப்பதை அவளிடம் காட்டினோம். அவள் விரலை வைத்து அந்த வரியின் எண்ணை ஒரு தரம் வாசித்துப் பார்த்துவிட்டுத் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள்.